நடிகர் மேல், கதாபாத்திரம் மேல் வரும் கிறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு மாணவியர் விடுதிக்கு இருபது வருடத்துக்கு மேல் வார்டனாக இருந்தேன். பகலில் பள்ளியில் தமிழ் வகுப்பு, ராத்திரியில் விடுதிக் கணக்கு நோட்டு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். விளக்கணைத்த பிறகு என் அறை வாசலில் வந்து நின்று, "மிஸ், ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே" என்று ஆரம்பிப்பார்கள். பாதி நாள் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. பழைய மாணவிகள், அவர்களுடைய அம்மாக்கள், ஒன்றிரண்டு வீட்டுக்காரர்கள்கூடப் போன் செய்து கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்களின் ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மிஸ், ஒரு நடிகரை ரொம்பப் பிடிச்சிருக்கு. இது லவ்வா, இல்ல சும்மா ஃபேனா?

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. தமிழில் அதற்குக் கைக்கிளை என்று பெயர், ஒருதலைக் காமம். தொல்காப்பியர் ஏழு திணைகளை எண்ணும்போது கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணையில் முடிக்கிறார். நடுவிலுள்ள ஐந்துக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை. ஆனாலும் கணக்கில் சேர்த்திருக்கிறார், விட்டுவிடவில்லை. 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்று அதற்கு ஓர் அடையாளமும் சொல்கிறார். பதில் வராது, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம். இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் நடுவில் நின்று தினமும் இதயம் போடுகிறவளைப் பார்த்துவிட்டு எழுதினது போலவே எனக்குத் தோன்றும்.

உங்களுக்கு எது என்று தெரிய என்னிடம் ஒரு சின்னச் சோதனை உண்டு. அவர் படத்தை யாராவது மொக்கை என்றால் கோபம் வருகிறதா? ரசிகை. அவரோடு நடித்த பெண்ணைப் பார்த்தால் வயிறு எரிகிறதா? கைக்கிளை.

எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்லீங்க. இந்தப் போன் வந்த பிறகுதானே இந்தப் பைத்தியம்?

இதைச் சொன்ன அம்மாவிடம், பத்தாவது படிக்கும்போது புத்தக அட்டைக்குள் யார் படம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

போனுக்கு இரண்டாயிரம் வருடம் முந்தின கதை ஒன்று சொல்கிறேன். புறநானூற்றில் 83, 84, 85 மூன்று பாட்டும் நக்கண்ணையார் என்ற பெண் பாடியவை. பெருங்கோழி நாயகன் மகள். மற்போரில் பேர்போன சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மேல் அவருக்கு ஆசை. ஒரு பாட்டில், வளை கழன்று விழுகிறது, அம்மாவை நினைத்தால் பயம். அவன் தோளைத் தழுவ ஆசை, ஊர் அவையை நினைத்தால் வெட்கம் என்கிறார். அடுத்ததில், அவன் கூழ் குடித்தும் தோள் பருத்து நிற்கிறான், நானோ பக்கத்தில் இருந்தும் பசந்து பொன் நிறமாகிப் போனேன் என்கிறார். மூன்றாவதில், அவன் ஜெயித்தான் என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொல்ல, சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் ஒரு பனை மரத்தோடு ஒட்டி நின்று அவன் வெற்றியைத் தானே பார்த்துவிடுகிறார். அம்மாவுக்குப் பயந்து போனுக்கு லாக் போடும் பெண்ணிடம் இதில் எது இல்லை?

அப்புறம் உலா நூல்கள். ராஜா வீதியில் பவனி வருவார், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். பேதைக்கு ஐந்து முதல் ஏழு வயது, பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வரை என்று கணக்கு. அவையெல்லாம் ராஜாவைக் குளிர்விக்க ஆண் புலவர்கள் எழுதியவை. கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். நக்கண்ணையார் தன்னைப் பற்றித் தானே எழுதினார், அதனால் எனக்கு அவர் பேச்சில்தான் நம்பிக்கை.

நேர்ல ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. ஆனா ரொம்ப நாள் பழகின மாதிரியே இருக்கே, எப்படி?

என் சித்தி காரிமங்கலத்தில் இருந்தார். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் "வணக்கம்" சொன்னால் அடுப்படியிலிருந்து "வணக்கம் வணக்கம்" என்று பதில் சொல்லுவார். ஒரு நாள் அறிவிப்பாளர் குரல் கரகரத்ததும் "சளி பிடிச்சிருக்கு பாரு, மிளகு ரசம் வச்சுக் குடிக்கக் கூடாதா" என்றார். அந்த மனிதரின் முகம்கூடச் சித்திக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஹோர்ட்டன், வோல் என்ற இரண்டு பேர் 1956இல் இதைப் பற்றி எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர் நம் கண்ணைப் பார்த்து, நமக்கே சொல்வது போலப் பேசுகிறார். திரும்பத் திரும்பக் கேட்டதும் மனசு அவரைத் தெரிந்தவர்கள் பட்டியலில் போட்டுக்கொள்கிறது. அவருடைய சிரிப்பு, கோபம், பிடித்த சாப்பாடு எல்லாம் நமக்குத் தெரியும். நம்மைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. போன் இதை இன்னும் கிட்டே கொண்டுவந்துவிட்டது. சித்தியின் ரேடியோ அலமாரி மேல் இருந்தது, உங்களுடையது தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நிஜ ஆள்னாகூடப் பரவால்ல. எனக்குப் பிடிச்சது ஒரு அனிமே கேரக்டர். வரைஞ்ச படத்து மேல ஆசை வருமா? எனக்கு ஏதாவது குறையா?

குறை ஒன்றும் இல்லை கண்ணு. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பதைப் பார்த்திருப்பாய். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அபிமன்யு விழும் இரவில் பாட்டிகள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். வேஷம் கட்டியவர் காலையில் டீக்கடையில் நிற்பார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே அழுகிறார்கள். கதை என்று தெரிவது ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தியத்தேவன். கல்கி 1950களில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையை, யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பில், பதினான்கு வயதில் படித்தேன். அந்தப் பெயரில் ஒருவர் நிஜமாகவே இருந்தார், குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நான் ஆசைப்பட்டது கல்வெட்டில் இருப்பவர் மேல் இல்லை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் கல்கியின் ஆள் மேல். என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு பேரை, குதிரை மேல் உட்கார்ந்தால் எப்படி இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தே வேண்டாம் என்றேன். காரணத்தை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

எனக்கு நடிகரைப் பிடிக்குதா, அந்தப் படத்துல வந்த கேரக்டரைப் பிடிக்குதான்னே தெரியல.

அவருடைய பேட்டி ஒன்றை முழுசாகப் பாருங்கள். பாதியில் சலித்துப்போனால் கேரக்டர்தான்.

அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு மிஸ். மூணு நாளா சாப்பாடு இறங்கல. ரூம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

சிரிப்பவர்களை நான் அன்றைக்கே சத்தம் போட்டுவிட்டேன். வலி பொய்யில்லை. டாரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தக் கிறக்கத்துக்கு 'லிமரன்ஸ்' என்று பெயர் வைத்து 1979இல் ஒரு புத்தகமே எழுதினார். இதற்குத் தீனி இரண்டு என்கிறார்: கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் நிச்சயமின்மை. கிடைக்க மாட்டார் என்று புத்திக்குத் தெரிந்தாலும் 'ஒருவேளை' என்று ஒரு மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கல்யாணப் போட்டோ அதை அணைக்கிறது. அந்த இருட்டைப் பார்த்துத்தான் அழுகை.

அழுங்கள். இரண்டு மூன்று நாள் கல்யாண வீடியோ பார்க்காதீர்கள், கமெண்டுகளைக் கட்டாயம் படிக்காதீர்கள். அந்தப் பெண்ணைத் திட்டி எழுதுவது மட்டும் வேண்டாம். அவர் உங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. சாப்பாடு இறங்காவிட்டால் ஒரு சொம்பு ராகிக் கூழாவது குடித்துவிட்டு அழலாம். நக்கண்ணையாரின் ஆளே கூழ் குடித்துத்தான் தோள் வளர்த்தார்.

எந்த அளவுக்குப் போனா ஆபத்து?

மெக்கட்ச்சன், லாங்கே, ஹூரன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 2002இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மூன்று படி வருகிறது. முதல் படியில் கூட்டாளிகளோடு அவரைப் பற்றிப் பேசுவது சந்தோஷம். இரண்டாவதில் நினைக்க வேண்டாம் என்றாலும் நினைப்பு வருகிறது, அவருக்கு ஒன்று என்றால் தனக்கே நடந்த மாதிரி இருக்கிறது. மூன்றாவதில், அவர் கேட்டால் சட்டத்துக்கு விரோதமானதைக்கூடச் செய்வேன் என்கிற நிலை. முதல் படியில் கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறோம். இரண்டாவதில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இறங்கி வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

எனக்கு அதிலிருக்கும் மார்க்கைவிட விடுதி நோட்டுதான் நல்ல அளவு. தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டிருக்கிறதா? பரீட்சைக்குப் போகவில்லையா? பணம் விஷயத்தில் பொய் சொல்கிறாளா? பேச்சு வார்த்தையெல்லாம் நின்றுவிட்டதா? பெரும்பாலும் அதற்கு அடியில் வேறொன்று இருக்கும். வீட்டில் அப்பா குடிக்கிறார், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள், வகுப்பில் யாரோ உருவத்தைக் கேலி செய்கிறார்கள். அந்த நடிகர் அவள் ஒதுங்கிக்கொள்ளும் திண்ணை. திண்ணையை இடிப்பதற்கு முன்னால் வெளியே என்ன மழை என்று பார்க்க வேண்டும்.

சாகணும் போல இருக்கு என்றோ, கையைக் கீறிக்கொண்டோ வந்தால் யோசிக்க நேரமில்லை. அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்), மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "நடிகருக்காகச் சாவாளாம்" என்று யாரும் நக்கல் அடிக்க வேண்டாம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது உயிரை விட்டவர்கள் இதே தமிழ்நாட்டுக்காரர்கள்.

அவர் எனக்காகத்தான் ஸ்டேஜ்ல நீலச் சட்டை போடறார். வெளியில சொல்ல முடியாது, ஆனா எனக்குத் தெரியும்.

இதைக் கேட்ட பெண் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மேலே சொன்ன எந்தப் படியிலும் இது சேராது. 'அவரை எனக்குப் பிடிக்கும்' என்பது ஆசை. 'அவர்தான் என்னைக் காதலிக்கிறார், ரகசியமாகச் சைகை காட்டுகிறார்' என்று அசைக்க முடியாமல் நம்புவது ஒரு நோய். பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921இல் விரிவாக எழுதியதால் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். வாதாடி ஜெயிக்க முடியாது. நீங்கள் காட்டும் ஆதாரமெல்லாம் "பார், எப்படி மறைக்கிறார்" என்று அவள் பக்கத்துக்கே சாட்சியாகிவிடும்.

கோயிலுக்கும் மந்திரிக்கவும் கூட்டிப்போக ஆசைப்படுவீர்கள். போங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதே வாரம் மனநல மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். வைத்தியம் இருக்கிறது. நான் சொன்ன பெண் இப்போது ஒசூரில் வேலைக்குப் போகிறாள்.

பொண்ணு கொரியாவுக்குப் போறேங்கறா. பி.டி.எஸ்.ஸாம். போனைப் பிடுங்கி உடைச்சிடலாமா?

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்கக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவதாகத் திட்டம். காட்பாடியில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். இதில் இன்னொரு கூத்து, அந்தக் குழுவில் பலர் அப்போது கொரியாவில் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தார்கள். போயிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு மொரப்பூர் ஸ்டேஷன் இருக்கிறது. போனை உடைத்தால் அங்கே போகத்தான் வழி காட்டுகிறீர்கள்.

பாஸ்போர்ட் எப்படி எடுப்பது, விசா என்றால் என்ன, டிக்கெட் எவ்வளவு என்று அவளையே விசாரித்து எழுதச் சொல்லுங்கள். ஒருத்தி இப்படி ஆரம்பித்து கொரிய எழுத்தையே கற்றுக்கொண்டாள். ஒசூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய மொழி தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதும் அவள் அப்பா அந்தக் குழுவுக்கே ரசிகராகிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் ஹாலில் இருக்கட்டும். அது உங்கள் போனுக்கும் சேர்த்து.

அந்த நடிகரே எனக்கு மெசேஜ் பண்றார். யாருக்கும் சொல்ல வேணாம்னு சொல்லியிருக்கார். நம்பலாமா?

நம்பாதீர்கள். இதில் எனக்கு 'ஒருவேளை' என்றெல்லாம் இல்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்த்த பெண், முதலில் 'ரசிகர் அட்டை'க்கு 2,000, பிறகு 'நேரில் சந்திக்க' 6,500 அனுப்பினாள். மூன்றாவது தடவை அவர்கள் கேட்டது பணமில்லை, போட்டோ. ஏமாந்ததற்குக் காரணம் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 'பழகின மாதிரி இருக்கே' என்றவளுக்குச் சொன்னேனே, மனசு ஏற்கனவே அவரைத் தெரிந்தவர் பட்டியலில் வைத்திருக்கிறது. தெரிந்தவர் பேசினால் யாராவது அடையாள அட்டை கேட்போமா? பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை மாட்டியிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பையன் முதல் ஷோவுக்கு ராத்திரியே பெங்களூர் போறான். பொண்ணுங்களை மட்டும் சொல்றீங்களே, இது என்னவாம்?

நியாயமான கேள்வி. பெண் அழுதால் பைத்தியம், பையன் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினால் வயசு என்கிற ஊர் நம்முடையது. தமிழ்நாட்டில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி இல்லை என்று ஆனதும், விடியற்காலைக் காட்சிக்காகக் கிருஷ்ணகிரிப் பையன்கள் ஒசூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்குப் பறக்கிறார்கள். படம் பார்ப்பது தப்பில்லை. இரவில் நெடுஞ்சாலையில் மூன்று பேராக ஒரு பைக்கில் போவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பஸ்ஸில் போகச் சொல்லுங்கள். கூட்டம் நெருக்கினால் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். கோப்பையைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் போனார்கள்.

சீரியல் நடிகைக்குத் தினமும் மெசேஜ் போடறேன். பிளாக் பண்ணிட்டாங்க. வேற ஐடியில போடலாமா?

கூடாது தம்பி. தொல்காப்பியர் சொன்ன 'சொல்லி இன்புறல்' அவர் பிளாக் செய்த நிமிஷத்தோடு முடிந்தது. விருப்பமில்லை என்று காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை தண்டனை.

எனக்கு நாப்பது வயசு, ரெண்டு பசங்க. ஒரு ஹீரோவை நினைச்சாத்தான் சமைக்கவே தோணுது. வீட்டுக்காரருக்குத் துரோகம் பண்றேனா?

பேரிளம்பெண் என்று ஏழாவது பருவம் வைத்தார்களே, உங்களுக்காகத்தான். நினைப்பில் துரோகம் தேட ஆரம்பித்தால் நாட்டில் ஒரு வீடும் மிஞ்சாது. ஆனால் அந்த ஹீரோவிடம் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அழகு என்றால் விடுங்கள். 'அவர் படத்தில் அந்தப் பெண் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கிறார்' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது ஹீரோ பற்றிய செய்தி இல்லை, சொன்னவரின் வீட்டைப் பற்றிய செய்தி. அதை வீட்டுக்காரரிடம் பேசலாம், ஹீரோ பெயரை எடுக்காமலே.

இப்ப ஆப்ல அந்த கேரக்டரே என்கூடப் பேசுது. ஞாபகம் வச்சுக் கேக்குது. இது ஒருதலை இல்லதானே?

நான் தடுமாறிய கேள்வி இது. கைக்கிளைக்கு அடையாளமே பதில் வராததுதான், இப்போது பதில் வருகிறது. ஆனால் எனக்குப் படுவது இது: அந்தப் பக்கம் மறுப்பதற்கு யாரும் இல்லை. நீ கோபித்தால் கெஞ்சும், நீ இல்லாதபோது அதற்குச் சலிப்போ வேறு வேலையோ கிடையாது. உன்னைக் கூடவே வைத்துக்கொண்டிருப்பதில் அந்த நிறுவனத்துக்கு லாபம் உண்டு.

ஜப்பானில் அகிஹிகோ கோண்டோ என்பவர் 2018இல் ஹட்சுனே மிக்கு என்ற கணினிப் பாடகியைத் திருமணம் செய்துகொண்டார். சட்டப்படி செல்லாது, அவருக்கும் அது தெரியும். வேலையிடத்தில் பட்ட கொடுமையால் நொந்துபோயிருந்தவரை அந்தப் பாட்டுதான் தூக்கி நிறுத்தியதாம். அதனால் எனக்கு அவரைக் கேலி செய்ய வாய் வரவில்லை. ஆனால் அவளோடு பேச உதவிய கருவியின் சேவையை நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. ஆகவே உன் ரகசியம், போட்டோ, வீட்டு விலாசம் எதையும் அதனிடம் சொல்லாதே. அதனிடம் சொன்னதில் ஒன்றையாவது வாரத்துக்கு ஒரு தடவை, உனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கக்கூடிய ஒரு மனுஷியிடம் சொல்லிப் பார்.

அவர் மேல கேஸ் வந்திருக்கு. அந்தப் பொண்ணு சொல்றது உண்மைன்னு தோணுது. ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்குது. நான் கெட்டவளா?

இல்லை. பிடித்தது சட்டென்று பிடிக்காமல் போகாது. ஒன்று மட்டும் பாருங்கள், அவருக்காக அந்தப் பெண்ணை ஏசும் கூட்டத்தில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. பழைய பாட்டைக் கேட்பதா வேண்டாமா என்று உங்கள் காது முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்பு செத்தப்ப எங்க அப்பா அழுதார். எங்க தாத்தா செத்தப்பகூட அழல. இது சரியா?

கேட்டவள் ஒசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடமும் பேசுவார்கள். அப்பு என்று எல்லோரும் கூப்பிட்ட கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தார். எல்லையைத் தாண்டி நம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு படம் வைத்தார்கள். தாத்தா இறந்தபோது உங்கள் அப்பாவுக்குப் பாடை கட்டுவது, ஆட்களுக்குச் சொல்வது, கடன் வாங்குவது என்று வேலை இருந்தது. நடிகர் இறந்தபோது உட்கார்ந்து அழ நேரம் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பார். புனீத்தின் கண்கள் தானமாகப் போன செய்தியைப் பார்த்து உங்கள் அப்பாவும் கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்தார் என்று நீயே சொன்னாய்.

இது எப்ப மிஸ் போகும்?

டென்னவ் கணக்குப்படி பெரும்பாலும் ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம். அவர் சொன்னது நேரில் தெரிந்த ஆட்கள் மேல் வரும் கிறக்கத்துக்கு. நடிகர் விஷயத்தில் அடுத்த படம் ஓடாவிட்டாலே சிலருக்குப் போய்விடும்.

விடுதியில் பதினான்காம் நம்பர் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம், வருடா வருடம் யாராவது யாருடைய படத்தையாவது ஒட்டுவார்கள். நான் கண்டுகொண்டதில்லை. ஒரு மே மாதம் வெள்ளையடிக்க வந்தவர் சுரண்ட ஆரம்பித்தார். மேலே கொரியாக்காரர், அவருக்குக் கீழே ஒரு சினிமா ஹீரோ, அதற்கும் கீழே ஒரு கிரிக்கெட்காரரின் பாதி முகம். "என்னம்மா இது, வெங்காயம் மாதிரி உரிஞ்சிக்கிட்டே போகுது" என்று அலுத்துக்கொண்டார். அதற்குத் தனியாக நூறு ரூபாய் கூலி கேட்டார். கொடுத்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே அங்கே புதுப் படம் ஒன்று இருந்தது, யாரென்று எனக்குத் தெரியவில்லை.